வாடகை பைக்கும் வெளிநாட்டு மலையும்

நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஊர் சுற்றக் கிளம்பினால் கொடைக்கானலோடும் மூணாறோடும் நிற்பதில்லை. 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் வந்ததிலிருந்து, வியட்நாம் என்பது ஒரத்தநாட்டுக்கு ஏதோ பக்கத்து மாவட்டம் போல ஆகிவிட்டது. போகிறார்கள், சந்தோஷம். போன இடத்தில் கடையில் ஒரு பைக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியட்நாம் மலைக்குத் தாராளமாகப் போகட்டும். ஆனால் அங்கே வண்டியை உள்ளூர்க்காரர் ஓட்ட வேண்டும், நம் பிள்ளை பின்னால் உட்கார வேண்டும். நானேதான் ஓட்டுவேன் என்று அடம் பிடித்தால் வேறு நாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும்.

வயதானவன் சும்மா பயமுறுத்துகிறான் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த மலைகளின் அருமை எனக்கும் தெரியும். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் சைகோன் என்ற பெயர் சென்னையைவிட அதிகம் புழங்கிய காலம் அது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அங்கே பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அந்த நகரின் நடுவில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. ஹுவே நகருக்கும் டா நாங் நகருக்கும் நடுவில் உள்ள கணவாயைப் பிரெஞ்சுக்காரர்கள் 'மேகக் கணவாய்' என்றார்கள். வியட்நாமியர் வைத்த பெயர் ஹாய் வான், அதாவது கடல்மேகம். 2005-ல் மலையைக் குடைந்து 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை திறந்தார்கள். லாரிகள் பெரும்பாலும் அதற்குள் போய்விட்டன. சுரங்கத்துக்குள் இருசக்கர வண்டி ஓட்ட அனுமதி இல்லை. ஆகவே ஒரு பக்கம் கடலைப் பார்த்தபடி வளைந்து ஏறும் பழைய சாலை பைக்காரர்களுக்கு வாய்த்துவிட்டது.

வடக்கே சீன எல்லை ஓரம் ஹா ஜியாங் மலைகள் இருக்கின்றன. அங்கே உள்ள 'மகிழ்ச்சிச் சாலை' 1959-ல் தொடங்கி 1965 வரை ஆட்கள் கையால் வெட்டிய சாலை. அதில் மா பீ லெங் என்ற கணவாயில் இளைஞர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு செங்குத்துப் பாறையை உடைத்தார்கள். கீழே பாதாளத்தில் பச்சை நிறத்தில் ஆறு ஓடுகிறது. உலகம் முழுவதிலிருந்தும் வாலிபர்கள் மூன்று நான்கு நாள் சுற்றாக அங்கே பைக்கில் போகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் ஆசை வருவது நியாயம்தான்.

சரி, பிறகு என்ன தடை? முதல் தடை காகிதம். ஆயுள் முழுவதும் அரசு அலுவலகத்தில் காகிதத்தோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4-ஏ பூர்த்தி செய்து, 1000 ரூபாய் கட்டினால், சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்று ஒரு சிறு புத்தகம் தருவார்கள். ஓராண்டு செல்லும. 'சர்வதேச' என்று அட்டையில் போட்டிருப்பதால் எல்லா நாட்டிலும் செல்லும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. சாலைப் போக்குவரத்துக்கு உலகில் இரண்டு பெரிய ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று 1949-ல் ஜெனீவாவில் ஆனது. மற்றது 1968-ல் வியன்னாவில் ஆனது. இந்தியா கொடுக்கும் அனுமதி ஜெனீவா ஒப்பந்தப்படி. வியட்நாம் ஏற்றுக்கொள்வது வியன்னா ஒப்பந்தப்படி கொடுத்ததை மட்டும். ஆக, நம் பிள்ளை கையில் வைத்திருக்கும் புத்தகம் அசல்தான், அரசு முத்திரை போட்டதுதான். ஆனால் வியட்நாம் சாலையில் அதற்கு மதிப்பு இல்லை. சுற்றுலா விசாவில் போனவர் 50 சி.சி.க்குக் குறைந்த வண்டியைத் தவிர வேறு எதை ஓட்டினாலும், அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அவர் லைசென்ஸ் இல்லாதவர். 50 சி.சி. வண்டியை வைத்துக்கொண்டு மா பீ லெங் ஏறுவது நடக்கிற காரியமா?

இது வெறும் சட்டப் பேச்சு அல்ல. என் சித்தப்பா வழிப் பேரன் ஒருவன், சென்னையில் வேலை பார்க்கிறவன், மூன்று நண்பர்களோடு அந்த வடக்கு மலைக்குப் போனான். பொறுப்பான பையன். சர்வதேச அனுமதி வாங்கினான், பயண இன்சூரன்ஸ் எடுத்தான், ஹெல்மெட் போட்டான். இரண்டாம் நாள் மழை ஈரத்தில், ஒரு இறக்கத்து வளைவில் வண்டி சறுக்கியது. தொடை எலும்பும் தோள்பட்டையும் முறிந்தன. மலையிலிருந்து இறக்கி ஹனோய்க்குக் கொண்டுபோய் அறுவை செய்து, கூட ஒருவர் துணையோடு விமானத்தில் ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

செலவுக் கணக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனது. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, விபத்து நடந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா என்பது. புத்தகத்தை அனுப்பினார்கள். இது அந்த நாட்டில் செல்லாது, ஆகவே பணம் தர இயலாது என்று பதில் வந்தது. பாலிசியின் விலக்குகள் பகுதியில் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கத்தான் இருந்தது. அவன் அப்பா மூன்று மா நஞ்சையை ஒத்திக்கு வைத்தார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர் என்பது நமக்குத் தெரியும். மோட்டார் இல்லாமல் ஆற்றுத் தண்ணீரிலேயே விளைகிற நிலம் அது. பையன் இப்போது கம்பு ஊன்றாமல் நடக்கிறான், கடவுள் புண்ணியம். நிலம் இன்னும் திரும்பவில்லை.

"கடைக்காரன் ஒண்ணுமே கேக்கல தாத்தா, பாஸ்போர்ட்ட மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு சாவிய குடுத்தான்" என்றான் என்னிடம். அவனுக்கு எப்படிக் கேட்கத் தோன்றும்? அவன் தொழில் வண்டியை வாடகைக்கு விடுவது. லைசென்ஸ் இல்லை என்பதால் வருகிற நஷ்டம் அவன் தலையில் விழுவதில்லையே.

பாஸ்போர்ட்டை அடமானமாக வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நம் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி அது எப்போதும் மத்திய அரசின் சொத்து. பாதுகாத்து வைப்பது மட்டும்தான் நம் பொறுப்பு. வண்டியில் ஒரு கீறல் விழுந்தால்கூட, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர் சொன்னதுதான் விலை. ரொக்கமாக முன்பணம் வாங்கிக்கொள்ளும் கடையைத் தேடிப் போவதே மேல்.

இரண்டாவது தடை நாம் பிறந்த மண். நம் பிள்ளைகள் பதினெட்டு ஆவதற்கு முன்பே வண்டி பழகிவிடுகிறார்கள், நாமும் பார்த்தும் பாராமல் இருக்கிறோம். ஆனால் எங்கே பழகினார்கள்? ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போனாலும் பட்டுக்கோட்டை போனாலும் மன்னார்குடி போனாலும், ஏற்றம் என்று ஒன்று வந்தால் அது பாலத்து ஏற்றம்தான். இந்தத் தரையில் இருபது வருடம் ஓட்டியவருக்கும் மலை இறக்கம் புதிதுதான்.

ஏறுவதில் ஆபத்து குறைவு, இறங்குவதில்தான் அதிகம். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிற பழக்கம் பாலத்தில் செல்லும், மலையில் ஆளைக் கொல்லும். பத்து கிலோமீட்டர் இறக்கம் முழுக்கப் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காமல் போய்விடும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலை லாரி ஓட்டுநர்களின் பாலபாடம். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடி மிகவும் குறைவு. ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வருபவர் வழி விட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதியிலேயே இருக்கிறது. சமவெளியில் அதற்கு வேலையே வராததால் பலருக்கு அப்படி ஒரு விதி இருப்பது தெரியாது.

இதோடு வியட்நாமில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நேர்ச்சாலையில் அரை நாளில் பழகிவிடும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் திடீரென்று எதிரே லாரி வந்தால், யோசிக்க நேரம் இருக்காது. கை பழகின பக்கம்தான் ஒடிக்கும். நம் கை பழகினது இடப்பக்கம். அங்கே இடப்பக்கம் என்பது லாரி வருகிற பக்கம்.

"ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரங்க இப்படித்தான் ஓட்டுறாங்க, எல்லாருக்குமா அடிபடுது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான், பெரும்பாலோர் பத்திரமாகத் திரும்புகிறார்கள். ஒன்றும் நடக்காதவரை யாருடைய காகிதத்தையும் யாரும் பார்ப்பதில்லை. நடந்த அன்றுதான் பார்ப்பார்கள். எதிரே வந்தவருக்கு அடிபட்டால் இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய அந்நியன் என்ற நிலையில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கும். நம் ஊரிலேயே அந்த நிலை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மொழி தெரியாத ஊரில் கேட்கவா வேண்டும்.

இன்னொரு வாதம், இளமையில் செய்யாமல் எப்போது செய்வது என்பது. இதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் போகாதே என்று சொல்லவில்லை. ஹா ஜியாங்கில் உள்ளூர் ஓட்டுநரோடு பின்னால் உட்கார்ந்து சுற்றும் ஏற்பாடு தாராளமாகக் கிடைக்கிறது. கூடுதல் செலவுதான். ஆனால் ஓட்டுபவர் கண் சாலையில் இருக்கும், பின்னால் இருப்பவர் கண்தான் மலையைப் பார்க்கும். அவ்வளவு பணம் கட்டிப் போவது எதைப் பார்க்க?

தானே ஓட்ட வேண்டும் என்கிறவருக்கும் வழி இருக்கிறது. தாய்லாந்து 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் உள்ள நாடு. வண்டிகளும் நம்மைப் போல இடப்பக்கமே ஓடுகின்றன. அங்கே சியாங் மாய் நகரிலிருந்து பாய் என்ற சிற்றூருக்குப் போகும் மலைச்சாலையில் 762 வளைவுகள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரே நிபந்தனை, அனுமதிப் புத்தகத்தில் மோட்டார் சைக்கிள் வகைக்கு முத்திரை இருக்க வேண்டும். கார் லைசென்ஸ் மட்டும் இருந்தால் பைக்குக்கு ஆகாது. இலங்கையிலும் இடப்பக்கம்தான். ஆனால் நம் லைசென்ஸோடு அந்த நாட்டு அனுமதிச் சீட்டு ஒன்றும் தனியாக வாங்க வேண்டும்.

எந்த நாடானாலும் அதற்கு முன்பு நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் ஒரத்தநாட்டில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அடிவாரம் போய்விடலாம். அங்கே ஏறி இறங்கிப் பார்த்தால், தன்னால் முடியுமா என்பது அவரவருக்கே தெரிந்துவிடும். விழுந்தால்கூடத் தமிழில் உதவி கேட்கலாம்.

பெரியவர்களாகிய நமக்கு இதில் ஒரு வேலை உண்டு. பயணச்சீட்டு எடுத்தாயா, ஸ்வெட்டர் வைத்தாயா என்று கேட்கிறோம். அதோடு மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள். அந்த நாட்டில் உன் லைசென்ஸ் செல்லுமா? உன் இன்சூரன்ஸில் பைக் ஓட்டுவது சேர்ந்திருக்கிறதா, எத்தனை சி.சி. வரை? வாடகைக் கடையில் பாஸ்போர்ட் கேட்டால் என்ன செய்வாய்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் காட்டினால், ஆசீர்வாதம் செய்து அனுப்புங்கள். காட்ட முடியாவிட்டால் வண்டியின் பின் இருக்கைக்கு ஆகும் பணத்தை நீங்களே கொடுத்து அனுப்புங்கள். ஒத்திக்குப் போன நிலத்தை மீட்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.