முதல் எழுத்தில் தடுக்கும் கணினி

பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் கணினி முழுப் பெயரையும் எடுத்துக் கொடுக்கிறது. 'இந்தப் பெயர் இந்த எழுத்துகளில் தொடங்குகிறதா?' என்று பார்க்க நிரல் எழுதுவோருக்கு ஒரு கட்டளை உண்டு. பைத்தான், ஜாவா இரண்டிலும் அதன் பெயர் 'ஸ்டார்ட்ஸ்வித்'. ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான்.

அது எழுத்தைப் பார்ப்பதில்லை. எழுத்துக்குரிய யூனிகோடு எண்களைப் பார்க்கிறது. நமக்கு 'கொ' ஒரே எழுத்து. கணினியில் அதை ககரத்தோடு ஒகரக் குறி சேர்த்தும் வைக்கலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டால் 'இல்லை' என்றுவிடும்.

'கௌசல்யா' இன்னும் மோசம். பலர் 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் இதே கதிதான்.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த அகராதியில், மேலே கோடு போட்ட எழுத்தில் தொடங்கும் 'எகோல்' என்ற சொல், கோடில்லாத எழுத்தின் வரிசையிலேயே இருக்கும். தேடுபவன் தடுமாறக் கூடாது என்பதே நோக்கம். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு எழுத்து.

'ராம' என்று தேடினால் ராமுவும் ராமையாவும் சேர்ந்து வருவார்கள். அது பரவாயில்லை, நாலு பெயர் கூட வந்தால் கண்ணால் பார்த்துக் கழிக்கலாம். வரவேண்டிய பெயர் வராமல் போவதுதான் ஆபத்து. ஓய்வூதியப் பட்டியலிலோ வாக்காளர் பட்டியலிலோ "உங்க பேரே இல்லியேம்மா" என்று சொல்லிவிட்டால், எண்பது வயது விதவை வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். பெயர் உள்ளேதான் இருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர யூனிகோடே விதி வகுத்திருக்கிறது. முன்னிடைவெளியை வெட்டுவதும் ஒரு வரி வேலை. 'ள' குழப்பம் மட்டும் அந்த விதிக்கு அடங்காது. எல்லாவற்றையும் 'கௌ' என்று மாற்றினால் நம் கெளுத்தி மீன் கெட்டுவிடும். ஆகவே இரண்டு விதமாகவும் தேடிக் காட்ட வேண்டும்.

பொதுமக்கள் பெயர்ப் பட்டியல் எதுவானாலும் இந்தச் சோதனைகளை முடித்த பிறகே அலுவலக மேசைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, 'இல்லை' என்று திரை சொன்னால், எழுத்தர் எண்ணை வைத்தோ பிறந்த தேதியை வைத்தோ இன்னொரு முறை தேடட்டும். நீங்களும் அப்படிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.