எலிக்கு எச்.ஐ.வி போயிடுச்சு... அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

'எச்.ஐ.வி-க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு' என்ற செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். உள்ளே போய்ப் படித்தால், குணமானது எலி. தேனி மாவட்டம் மயிலாடும்பாறையில் இருந்து கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாக பஸ் பிடித்து, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏ.ஆர்.டி மாத்திரை வாங்கும் ஒருவருக்கு, ஒருநாள் கூலியும் சேர்ந்தே போகும். அவர் கண்ணில் இந்தச் செய்தி பட்டால்? 'இனி எதுக்கு இந்த அலைச்சல்' என்றுதான் முதலில் தோன்றும். அங்கேதான் ஆபத்து.

எலிக்கு எச்.ஐ.வி வருமா?

சாதாரண எலிக்கு வராது. நம் ரத்தத்தில் உள்ள டி செல்களின் மேல் சி.டி.4, சி.சி.ஆர்.5 என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழைகிறது. எலியின் புரதங்கள் அதன் பிடிக்குச் சிக்காது. சரி, மனித மரபணுவை எலிக்குள் வைத்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். வைரஸ் உள்ளே போனது, ஆனால் சரியாகப் பெருகவில்லை. கதவைத் திறந்தும் வீட்டுக்குள் அதற்கு வேலை ஓடவில்லை.

அதனால் ரூட்டை மாற்றினார்கள். எலியின் சொந்த எதிர்ப்பு சக்தியை எடுத்துவிட்டு, மனித ஸ்டெம் செல்களைச் செலுத்தினால், அதன் உடம்பில் மனித எதிர்ப்பு செல்கள் வளரும். இப்படிப்பட்ட எலிகள் முதலில் 1988-ல் வந்தன. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டறிந்து அப்போது இரண்டே வருடம். ஆரம்பத்தில் பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளைப் பயன்படுத்தினார்கள். இப்போது மரபணுக்களை நீக்கியே அப்படி உருவாக்குகிறார்கள்.

2019-ல் என்ன நடந்தது?

அமெரிக்காவின் டெம்பிள், நெப்ராஸ்கா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்த எலிகளுக்கு முதலில் நீண்டநாள் வேலை செய்யும் ஏ.ஆர்.டி மருந்து கொடுத்தார்கள். பிறகு மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் முறையில், செல்லுக்குள் ஒளிந்திருந்த வைரஸை வெட்டி எடுத்தார்கள். 23 எலிகளில் 9-ல் வைரஸ் தென்படவில்லை. உண்மையிலேயே பெரிய விஷயம்தான். ஆனால் 14 எலிகளில் அது நடக்கவில்லை என்பதை ஃபார்வேர்டு மெசேஜ்கள் சொல்வதில்லை.

அந்த வழியில் வந்த இ.பி.டி-101 என்ற சிகிச்சை 2022-ல் முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. 2024-ல் முடிவைச் சொன்னார்கள்: பெரிய பக்கவிளைவு இல்லை. ஆனால் ஏ.ஆர்.டி-யை நிறுத்திப் பார்த்த 3 பேருக்குமே வைரஸ் திரும்ப வந்துவிட்டது. ஒருவருக்கு மட்டும் 16 வாரம் வரை தள்ளிப்போனது.

ஏன் இந்த வித்தியாசம்?

எலியின் எடை சில பத்து கிராம்தான், அதில் தொற்றுக்கும் சில வாரங்களே வயது. மனித உடம்பில் வைரஸ் வருடக்கணக்கில் நிணநீர்க் கணு, குடல், மூளை என்று பதுங்கிக் கிடக்கிறது. அத்தனை செல்லையும் தேடிப்போய் வெட்டுவது லேசான காரியம் இல்லை. ஒன்றிரண்டு தப்பினாலும் போதும், மறுபடி பெருகிவிடும்.

அதற்காக எலி ஆய்வே வீண் என்று சொல்ல முடியாது. தொற்று வராமல் முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை பலன் தரும் என்பது 2008-லேயே இதே வகை எலிகளில் தெரிந்தது. 2010-ல் மனிதரிடமும் அது உறுதியானது, 2012-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தடுப்பதில் எலி காட்டிய வழி சரியாக இருந்தது. குணப்படுத்துவதில் இன்னும் இல்லை.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால், அந்த மருந்துக்கே அடங்காத வைரஸ் உருவாகவும் வாய்ப்பு உண்டு. தவறாமல் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலையைத் தக்கவைப்பவரிடம் இருந்து உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்று பரவாது. அரசு மையங்களில் 2004 ஏப்ரல் முதல் ஏ.ஆர்.டி இலவசம். ஒருவருக்குத் தொற்று இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்ல, சில விதிவிலக்குகள் தவிர, 2017-ம் ஆண்டு சட்டம் தடை விதிக்கிறது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.