கற்றுக்கொள்கிறவன் தடுமாறுவதை வேடிக்கை காட்டாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன மாதம் என் தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஆறு வருஷமாக உதவி இயக்குநராக அலைகிறான். முதல் படக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறான். லேப்டாப்பைத் திறந்து 'பிராஜெக்ட் கிரீன்லைட்' என்ற அமெரிக்க ரியாலிட்டி ஷோவைப் போட்டுக் காட்டினான். இதுவரை படமே எடுக்காத ஒருவரைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கு ஒரு சின்ன பட்ஜெட் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். அவர் எடுக்கிறபோது படுகிற பாட்டை இன்னொரு கேமரா வைத்து எடுத்து வாராவாரம் டிவியில் போடுவார்கள்.

"பெரியம்மா, இது மாதிரி நம்ம ஊர்லயும் வரணும். வந்தா நான்தான் மொத ஆளா போய் நிப்பேன்" என்றான்.

மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தோம். இயக்குநர் திருதிருவென்று முழிக்கும்போதெல்லாம் அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவன் பஸ் ஏறிப் போன பிறகுதான், எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று யோசித்தேன். அப்போது வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

முதலில் விவரம் சொல்லிவிடுகிறேன். பென் அஃப்ளெக், மாட் டேமன் இருவரும் சேர்ந்து எழுதிய 'குட் வில் ஹன்டிங்' 1997-ல் வந்தது. திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார்கள். நமக்குக் கிடைத்த வாய்ப்பு மற்ற புதியவர்களுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் இந்த நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். அந்த நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. 2001 டிசம்பரில் எச்.பி.ஓ.வில் முதல் பருவம் வந்தது. ஆயிரக்கணக்கான கதைகளில் பீட் ஜோன்ஸ் என்பவரின் கதை தேர்வாயிற்று. அதற்கு முன் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். படத்தின் பெயர் 'ஸ்டோலன் சம்மர்'. பணம் போட்டது மிராமாக்ஸ் நிறுவனம்.

கொடுப்பதாக அறிவித்த தொகை 10 லட்சம் டாலர். நமக்குப் பெரிதாகத் தெரியும். அதே 2001-ல் மாட் டேமன் நடித்து வந்த 'ஓஷன்ஸ் லெவன்' படத்தின் செலவு சுமார் எட்டரைக் கோடி டாலர். எண்பத்தைந்தில் ஒரு பங்கு. என்னிடம் கணக்கு படித்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்த பணம் என்றால் குறைந்த நாள். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஓடும் என்பார்கள். நூறு பக்கக் கதையை 25 நாளில் முடிக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு நாலு பக்கம். பெரிய படக்காரர்கள் ஒன்றிரண்டு பக்கம் எடுத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று வண்டி ஏறலாம். இவருக்கு மழை பெய்து அரை நாள் போனால் இரண்டு பக்கம் போயிற்று. குழந்தை நடிகர்கள் இருந்தால் அவர்களை இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆக, நாலாவது நாளே அந்தப் புதிய மனிதர் திணறுவார். இது திறமையைப் பற்றிய விஷயமே இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

ஆனால் டிவியில் அப்படியா தெரிகிறது? கால் மணி நேரம் தாமதம், தயாரிப்பாளர் கையைப் பிசைகிறார், இயக்குநர் தலையைச் சொறிகிறார், உடனே ஒரு திகில் இசை. 'இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற நாம் முடிவு கட்டுகிறோம். நாளைக் குறைத்தவர் அந்தக் காட்சியில் இல்லை. அவர் அடுத்த காட்சியில், குளுகுளு அறையில், "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்கிறார்.

'ஸ்டோலன் சம்மர்' வசூல் ஒன்றரை லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. அது உருவான கதையைச் சொன்ன நிகழ்ச்சியோ எம்மி விருதுக்குப் பரிந்துரை ஆனது. எந்தச் சரக்கு விற்றது என்று பாருங்கள். படம் விற்கவில்லை. படம் எடுக்கத் திணறியவர் விற்றார்.

2003-ல் இரண்டாவது பருவம். 'த பேட்டில் ஆஃப் ஷேக்கர் ஹைட்ஸ்' என்ற படத்துக்கு இரண்டு இயக்குநர்கள், எழுத்தாளர் ஒரு பெண். எடுத்து முடித்ததும் முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டி, கையில் படிவம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு, சிரிப்பு போதாது, கனமான பகுதிகளை வெட்டு என்றது நிறுவனம். கடைசியில் வெளிவந்த படம் 80 நிமிஷம்கூட இல்லை. அந்த நிறுவனத்தின் தலைவர் ஹார்வி வைன்ஸ்டீன், பின்னாளில் பாலியல் குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனவர். அடுத்தவர் படங்களை வெட்டித் தள்ளுவதால் 'ஹார்வி சிசர்ஹேண்ட்ஸ்' என்று ஹாலிவுட்டில் அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. கையே கத்தரிக்கோல் என்று அர்த்தம். மார்ட்டின் ஸ்கார்செஸி மாதிரி பழம் தின்று கொட்டை போட்டவர்களே அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். முதல் படம் எடுக்கிற இரண்டு பிள்ளைகள் என்ன செய்ய முடியும்? படம் ஓடாதபோது கெட்ட பெயர் மட்டும் அவர்களுக்கு.

2005-ல் மூன்றாவது பருவம். இந்த முறை ஓடுகிற மாதிரி ஒரு பேய்ப்படம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஜான் குலேகர் என்பவர் தேர்வானார். நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். யாரை நடிக்க வைப்பது என்பதிலேயே இழுபறி. அந்த 'ஃபீஸ்ட்' படத்தை 2006-ல் சில தியேட்டர்களில் இரவுக் காட்சியாக ஓட்டிவிட்டு டிவிடியில் போட்டுவிட்டார்கள்.

"ஆளுங்க சரியில்ல பெரியம்மா, நல்லவங்க நடத்தினா சரியா வரும்" என்றான் தங்கை மகன். அதற்கும் பதில் இருக்கிறது. 2023-ல் அதே நிகழ்ச்சி மறுபடி வந்தது. இந்த முறை வழிகாட்டிகளாக இசா ரே, குமைல் நஞ்சியானி, ஜினா பிரின்ஸ்-பைத்வுட். இவர்கள் பெண் இயக்குநர்களுக்கு வாய்ப்பு வேண்டும் என்று அக்கறையோடு வந்தவர்கள். மேக்கோ வின்புஷ் என்ற பெண் தேர்வானார், படம் 'கிரே மேட்டர்'. அவர் உள்ளுக்குள்ளேயே யோசிக்கிற சுபாவம். அடுத்த அத்தியாயங்களில் என்ன ஓடியது தெரியுமா? 'இந்தப் பெண் மனம்விட்டுப் பேச மாட்டேன் என்கிறாளே' என்ற புகார். ஒரு கேமரா மூஞ்சிக்கு நேராக, இன்னொரு கேமரா முதுகுக்குப் பின்னால். யாருக்குத்தான் மனம் விட்டுப் போகும்? ஆட்கள் மாறினார்கள், யந்திரம் மாறவில்லை. அந்த யந்திரத்துக்குத் தீனி வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் டிவியில் போட ஒன்றுமே இருக்காது.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1980-ல் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு கொடுத்தார்கள். கடைசி பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பின்னக் கூட்டல். கை நடுங்க, முக்காலும் அரையும் கூட்டினால் ஆறில் நாலு என்று போர்டில் எழுதிவிட்டேன். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டிவிட்டேன். இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சார் வாயே திறக்கவில்லை. மணி அடித்த பிறகு வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டு, "போர்டுல என்னம்மா எழுதினே, இதுல எழுது" என்று நோட்டை நீட்டினார். எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை வந்தது. "நாளைக்கு நீயே போய், நேத்து நான் போட்ட கணக்குல ஒரு தப்பு இருக்கு, யார் கண்டுபிடிப்பீங்கன்னு கேளு" என்றார். மறுநாள் கேட்டேன். பத்துப் பிள்ளைகள் கை தூக்கினார்கள். அன்றைக்குத்தான் நான் டீச்சர் ஆனேன்.

அவர் அந்த இடத்திலேயே எழுந்து, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் என்னைத் திருத்தியிருந்தால் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்திருக்கும். நல்ல காட்சி. அதைப் படம் பிடித்திருந்தால் நீங்களும் ரசித்திருப்பீர்கள். நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. பல வருஷம் கழித்து எங்கள் பள்ளியில் ஆண்டாய்வு. அதிகாரி என் வகுப்பில் உட்கார்ந்து, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தானே எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொன்னார். 'எங்கள் ஊர் மழை' என்று எழுதியிருந்தான். ஒரு வரியில் வார்த்தை புரண்டு அர்த்தம் அசிங்கமாகிவிட்டது. அதிகாரி சிரித்தார். அவர் சிரித்தாரே என்று நானும் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. வருஷம் முடிகிற வரைக்கும் அந்தப் பையன் கட்டுரை நோட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே போவான். மறுபடி அவன் வாயால் ஒரு வரி நான் கேட்கவில்லை. அவன் இதைப் படிக்கிறானோ என்னவோ. தம்பி, மழையைப் பற்றி நீ எழுதியதில் மீதி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன். கற்றுக்கொள்கிறவன் தப்பு செய்வதற்கு ஒரு மறைவான இடம் வேண்டும். அந்த இடத்தில் டிக்கெட் விற்கிறவன் வாய்ப்புக் கொடுக்கிறவன் ஆகமாட்டான்.

"பணம் போடுறவன் கேள்வி கேக்கக் கூடாதா?" என்று சிலர் வருவீர்கள். தாராளமாகக் கேட்கலாம். நான் பாடக்குறிப்பு எழுதாமல் போனால் ஹெட்மாஸ்டர் கேட்கமாட்டாரா? கதையை முன்கூட்டிப் படித்து, இத்தனை நாளில் இது நடக்காது என்று உட்கார்ந்து பேசலாம். கதையைக் குறைக்கலாம், அல்லது நாளைக் கூட்டலாம். பக்கத்தில் ஒரு அனுபவசாலியை உட்கார வைக்கலாம். முடிந்த பிறகு நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். ஆனால் முடியாத கணக்கைக் கொடுத்துவிட்டு, விடை வரவில்லை என்று ஊரைக் கூட்டிக் காட்டுவதற்குப் பெயர் கண்டிப்பு கிடையாது.

"அதுல இருந்து வந்து ஜெயிச்சவங்க இருக்காங்களே?" இருக்கிறார்கள். 'ஃபீஸ்ட்' எழுதிய இருவர் பிறகு 'சா' வரிசைப் படங்கள் நாலுக்குக் கதை எழுதினார்கள். குலேகரும் இன்னும் சில படங்கள் எடுத்தார். அந்த இயக்குநர்களில் சிலர் பிடிவாதக்காரர்கள், தலைக்கனம் பிடித்தவர்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். என் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். உங்களில் சிலரைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளை அடி வாங்கியும் முன்னுக்கு வந்துவிட்டால் அடிதான் காரணம் என்று சொல்லக் கூடாது.

இதைவிட நல்ல வழி நம்மிடமே இருந்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2009-ல் கலைஞர் டிவியில் 'நாளைய இயக்குநர்' தொடங்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மதனும் பிரதாப் போத்தனும் நடுவர்கள். பிள்ளைகள் எங்கேயோ எப்படியோ திண்டாடி ஒரு குறும்படம் எடுத்துவந்து போடுவார்கள். எடுத்ததைப் பார்த்து நடுவர்கள் பாராட்டினார்கள், குறை சொன்னார்கள். சில நேரம் சுருக்கென்றும் சொன்னார்கள். எல்லாம் முடித்துக் கொண்டுவந்த வேலையைப் பற்றி. எடுக்கும்போது எத்தனை முறை திட்டு வாங்கினான், எங்கே உட்கார்ந்து அழுதான் என்பது அவன் வீட்டுச் சமாச்சாரம். அங்கிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் 'பீட்சா' எடுத்தார். நலன் குமரசாமி 2013-ல் 'சூது கவ்வும்' எடுத்தார். இரண்டுமே சின்ன பட்ஜெட், இரண்டுமே ஓடின.

எனவே தங்கை மகனுக்கு நான் போனில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். டேய், இது மாதிரி ஒன்று இங்கே வந்தால் வரிசையில் நிற்காதே. குறும்படம் எடு. நாலு பேரிடம் காட்டு. திட்டு வாங்கு. மறுபடி எடு. முதல் படத்துக்கு யாராவது பணம் தர வந்தால், எத்தனை ரூபாய் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை நாள் என்று கேள். அந்த நாளில் உன் கதை அடங்குமா என்று பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார். அடங்காவிட்டால் அங்கேயே சொல்லிவிடு.

அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. "யோசிக்கிறேன் பெரியம்மா" என்றான். யோசிக்கட்டும்.

உங்களில் பலர் இப்போது மேனேஜராக, தலைமையாசிரியராக, கடை முதலாளியாக இருக்கிறீர்கள். உங்கள் கீழே புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கும். அது தப்பு செய்யும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கமெண்ட்டில் என்னோடு சண்டை போடலாம். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் இன்பாக்ஸில் சொல்லவும்.

உங்கள் கணக்கு டீச்சர்