பம்பைமடுவுக்கு வரும் பிள்ளைகள்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் வயது, அதன் பெயரைக் காட்டிலும் கூடியது. 1991 இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 இல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்ற தனிப் பல்கலைக்கழகமானது. இங்கும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பீடங்களிலும் தமிழ், முஸ்லிம், மலையகப் பிள்ளைகளோடு தென்னிலங்கைச் சிங்களப் பிள்ளைகளும் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். இவர்களை ஒரே வளாகத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், இனி அவர்களே பழகிக்கொள்வார்கள் என்று பல்கலைக்கழகம் இருந்துவிட முடியாது. அப்படி இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2016 ஜூலை 16 காட்டியது. யாழ். பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றிய தகராறு கைகலப்பாகி, பலர் காயப்பட்டு, வளாகத்தையே மூடவேண்டி வந்தது. ஒரு வரவேற்பில் யாருடைய பண்பாடு எப்படி இடம்பெறும் என்பது மாதக்கணக்கில் முன்பே பெரியவர்கள் இருந்து பேசித் தீர்த்திருக்கவேண்டிய விஷயம். அதை இருபது வயதுப் பிள்ளைகளின் தலையில் விட்டது நிர்வாகத்தின் பிழை.

விஞ்ஞானமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தானே நடக்கின்றன, மொழிப் பிரச்சினை எங்கே என்று கேட்கலாம். புதுக்குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை உயர்தரத்தைத் தமிழில் படித்தது; அம்பாந்தோட்டையிலிருந்து வரும் பிள்ளை சிங்களத்தில் படித்தது. முதலாம் ஆண்டு விரிவுரையில் இரண்டுமே ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. ஆகவே முதலாம் ஆண்டில் இருவரையும் கலந்து இருத்தி நடத்தும் ஆங்கில வகுப்பு, எந்த நல்லிணக்க விழாவையும்விடக் கூடுதலாக உதவும். விரிவுரை மண்டபத்துக்கு வெளியே ஆங்கிலம் போதாது. காய்ச்சல் வந்த பிள்ளை மருத்துவரிடமும், மனம் உடைந்த பிள்ளை மாணவர் ஆலோசகரிடமும் தன் மொழியில் பேசவேண்டும். சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் புள்ளி வழங்கும் பாடமாகவே இருக்கலாம். 2007 முதல் அரச சேவையில் சேர்பவர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது விதி. வேலையில் சேர்ந்தபின் அவசரமாகப் படிப்பதை இங்கேயே படிக்கலாம்.

எல்லாரையும் ஒரேமாதிரி நடத்தினால் போதும் என்பவர்களுக்கு வன்னியே பதில். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று ஒதுக்கிய பங்கில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றுமே அடங்கும். ஓடத்தொடங்கும் இடம் எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதை ஏற்றதால் படித்தவர்கள் நாங்கள். தமிழ் தெரியாத பிள்ளைக்குத் தமிழில் மட்டும் அறிவித்தல் ஒட்டுவதைச் சமத்துவம் என்று நாங்கள் சொல்லக்கூடாது.

இன்னொரு மறுப்பு கனமானது. மணலாற்றில் சிங்களக் குடியேற்றத்துக்குக் காணி போனது, குருந்தூர்மலையில் விகாரை பற்றிய பிணக்கு ஓயவில்லை, இப்போது பல்கலைக்கழகமுமா என்று எங்கள் சனம் கேட்கிறது. அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. அதைத் துவேஷம் என்று தள்ளிவிடுபவர் இந்த மண்ணை அறியாதவர். ஆனால் குடியேற்றம் அரசின் கொள்கை. இசட் புள்ளி பார்த்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுப்பும் பிள்ளை அந்தக் கொள்கையின் கையாள் அல்ல. நான்கு வருடம் படித்துவிட்டுப் போகும். காணிக்கான கேள்வியைக் கொழும்பிடம் கேட்போம், இன்னும் உரத்துக் கேட்போம். அதை விடுதியில் இருக்கும் பிள்ளையிடம் கேட்பது அநியாயம். பேராதனையிலும் றுகுணுவிலும் எங்கள் பிள்ளைகள் சிறுபான்மையாக இருந்து படிக்கிறார்கள். அங்கே அவர்களுக்குத் தமிழில் அறிவித்தலும், தங்கள் பண்டிகையைக் கொண்டாட இடமும், பகிடிவதையிலிருந்து பாதுகாப்பும் வேண்டும் என்று கேட்கிறோம். அதே மூன்றையும் பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் அடுத்த புதுமுக அணி வரும் முன்னரே எழுத்தில் உறுதிசெய்யும்படி இரு பல்கலைக்கழகங்களின் மூதவைகளையும் கேட்டுக்கொள்கிறேன்.