நிழல் குறுகும் வேளை

கோடை பிறந்துவிட்டால் ஏடுகளில் ஓர் எண் இடம்பெறும். வேலூரில் 106 டிகிரி, மதுரையில் 104 டிகிரி என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். படிப்பவர் பெருமூச்சு விடுவார், விசிறியைத் தேடுவார். நாமும் அந்த எண்ணைப் போடுகிறவர்கள்தான். ஆனால் அந்த டிகிரி எதை அளக்கிறது? நிழலில் வைத்த கருவியைத் தொட்டுச் செல்லும் காற்றின் சூட்டை அளக்கிறது. வெட்டவெளியில் நாள் முழுதும் நிற்கிறானே உழைப்பாளி, அவன் தோலிலும் விழியிலும் கதிரவன் கொட்டுகிற வேறொன்றை அது அளப்பதில்லை.

அந்த வேறொன்றுதான் புற ஊதாக் கதிர். 1801ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஜேனா நகரில் ரிட்டர் என்ற அறிஞர், வானவில்லின் ஊதா நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெள்ளிக் குளோரைடை வைத்துப் பார்த்தார். மற்ற இடங்களைவிட அங்கேதான் அது விரைந்து கறுத்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர். கைக்குச் சுடாத கதிர். சூடு கொடியதுதான், ஆயினும் அது நேர்மையான பகைவன், வந்ததும் வியர்க்கவைத்துச் சொல்லிவிடுகிறது. இந்தக் கதிரோ சொல்லாமல் வந்து, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக் கணக்குக் கேட்கிறது.

இதை அளக்க ஓர் எண் உண்டு. 1992இல் கனடா நாட்டார் வகுத்தார்கள். பின்னர் உலக நலவாழ்வு நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் ஏற்று உலகுக்கே பொதுவாக்கின. தோலைச் சிவக்கவைக்கும் ஆற்றலைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீட்டரில் 25 மில்லிவாட் விழுந்தால் ஒன்று என்று வைத்தார்கள். இரண்டு வரை அச்சமில்லை. மூன்றிலிருந்து காப்பு வேண்டும். எட்டு என்றால் மிக அதிகம். பதினொன்றும் அதற்கு மேலும் உச்சம். நண்பகலில் வெளியே நிற்காதே என்று பொருள்.

ஐரோப்பியக் குளிர்நாட்டில் எட்டு வந்தால் எச்சரிக்கை பறக்கிறது. நம் நாட்டின் நிலை என்ன? தெளிந்த வானமுள்ள நண்பகலில் பதினொன்றைத் தாண்டுவது இங்கே புதுமையல்ல. கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே ஆண்டில் இரு முறை வருகிறான். ஏப்ரல் இரண்டாம் வாரம் குமரியில், அம்மாத இறுதிவாக்கில் சென்னையில். திரும்பும்போது ஆகஸ்டு மூன்றாம் வாரம் சென்னையில், செப்டம்பர் தொடக்கத்தில் குமரியில். கத்தரி வெயிலுக்கு அஞ்சுகிற நாம் ஆகஸ்டு வெயிலுக்கு அஞ்சுவதில்லை. ஆடிக் காற்று அடித்து ஓய்ந்த காலம், கொஞ்சம் மேகம், கொஞ்சம் குளிர்ச்சி. ஆனால் மேகம் விலகிய நண்பகலில் கதிரின் எண் சித்திரைக்குச் சளைத்ததல்ல. மெல்லிய மேகம் பெரிதாகத் தடுப்பதும் இல்லை.

உதகையைப் பாருங்கள். குளுகுளு என்று சீமான்கள் நாடிப் போகும் ஊர். ஆயிரம் மீட்டர் ஏறினால் இக்கதிர் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. உதகையோ இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தேயிலை கிள்ளும் தாய்க்கு, சமவெளியில் நடவு நடும் தங்கையைவிட அதிகக் கதிர் விழுகிறது என்றால், டிகிரியை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு பேதைமை!

"கறுத்த தோலுக்கு இதெல்லாம் ஏது? வெள்ளைக்காரன் கவலைப்படட்டும்" என்பார் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. நம் தோலின் கருமை இயற்கை தந்த கவசம். தோல் புற்று நம்மவர்க்குக் குறைவாக வருவதற்கு அதுவும் காரணம். அந்தக் கவசத்தையே இழிவென்று சொல்லி, "வெயிலில் போனால் கறுத்துவிடுவாய்" என்று அச்சமூட்டிப் பசை விற்கும் வாணிபத்தை நாம் வெறுக்கிறோம். வெயில் காப்பு என்றாலே மாநிறப் பெண்ணை வெளுக்கவைக்கும் வித்தை என்று மக்கள் எண்ணும்படி ஆக்கிவிட்டார்கள் அந்த வணிகர்கள். அளவுகோல் அழகுப் பெட்டிக்குள் போய்விட்டது. அது தேவைப்படுகிறவன் களத்தில் நிற்கிறான்.

அவனுக்குத் தோலைவிடக் கண் பெரிது. கருவிழியின் கருமை உள்ளே இருக்கும் வில்லையைக் காத்துவிடாது. அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவில் மீன்பிடிக்கும் 838 பேரை ஆராய்ந்து 1988இல் முடிவு வெளியிட்டார்கள். வாழ்நாளில் வாங்கிய கதிர் இரு மடங்கானால், ஒருவகைக் கண்புரை வரும் வாய்ப்பு 1.6 மடங்காகிறது என்று கண்டார்கள். அவர்களும் கடலோரத்து உழைப்பாளிகளே. புரைக்கு முதுமையும் நீரிழிவும் புகையும் காரணங்கள்தான். ஆனால் முதுமையைத் தடுக்க எவராலும் ஆகாது. கதிரைத் தடுக்கத் தொப்பியும் கண்ணாடியும் போதும்.

தூத்துக்குடி உப்பளத்தில் போய் நின்று பாருங்கள். மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்ற உப்பு. பட்டுத் தெறிக்கும் ஒளி தாழ்வாரத்தைத் தாண்டி வரும் சாரல்போலக் கீழிருந்து கண்ணில் பாய்கிறது. தலையில் சும்மாடு இருக்கிறது. அது சுமைக்கு, கண்ணுக்கல்ல. கறுப்புக் கண்ணாடி என்றால் தலைவர்களுக்கும் திரை நடிகர்களுக்கும் உரிய அணிகலன் என்று பழகிவிட்ட நாட்டில், உப்பு வாரும் பெண் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்! கறுப்பு நிறம்கூடத் தேவையில்லை. கதிரைத் தடுக்கும் தன்மையுள்ள நிறமற்ற கண்ணாடியே போதும். கதிரைத் தடுக்காத வெறுங் கறுப்புக் கண்ணாடியால் தீங்குதான் மிகுதி.

வெளியில் வேலை செய்ததால் வந்த தோல் புற்றுக்கு 2019ஆம் ஆண்டில் 183 நாடுகளில் ஏறத்தாழ 19,000 பேர் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் கணக்கிட்டன. வெயில் வேலைக்கேடு என்று உலகம் ஒப்புக்கொண்டாயிற்று. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என அறிவித்தது, வரவேற்கத்தக்க ஆணை. ஆனால் அது இறந்தவன் குடும்பத்துக்கு உதவும் ஆணை. கண் மங்கியவனுக்கு எந்த ஆணை?

நம் கழகத் தோழர்கள் ஊர்தோறும் தண்ணீர்ப் பந்தல் திறக்கிறார்கள். மோரும் தர்ப்பூசணியும் தருகிறார்கள். பாராட்டுகிறோம். பந்தல் சாலையில் இருக்கிறது, பாத்தியில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கத்தார் நாட்டில் 2021 முதல் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் நடு வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. அங்கே கட்டடம் கட்டும் நம் பிள்ளைக்கு மன்னராட்சி தரும் நிழலை, இங்கே கட்டடம் கட்டும் அவன் தம்பிக்கு மக்களாட்சி தரக் கூடாதா?

நாம் கேட்பது பெரிதல்ல. வானொலியும் தொலைக்காட்சியும் டிகிரி சொல்லும்போது கதிரின் எண்ணையும் தமிழில் சொல்லட்டும். எண் கிடைக்காத இடத்தில் நம் பாட்டன் நேரம் பார்த்த முறையே போதும்: உன் நிழல் உன்னைவிடக் குறுகிவிட்டால் கதிர் கடுமை. நாளின் கதிரில் பாதிக்கு மேல் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே கொட்டிவிடுகிறது. ஆகவே உப்பளம், செங்கல் சூளை, சாலைப் பணி, கட்டட வேலை எதுவாயினும் விடியலில் தொடங்கி 11 மணிக்கு நிறுத்தி, 3 மணிக்குமேல் தொடர வழி செய்யட்டும். அகன்ற விளிம்புத் தொப்பியும் கதிர் தடுக்கும் கண்ணாடியும் வேலை தருகிறவரே தரவேண்டும். நடுப்பகல் ஓய்வுக்காகவோ தொப்பிக்காகவோ கூலியில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது.