கம்பி வலையும் ஒரு பாத்திரம்தான்!

கடலூர் முதுநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துறைமுகத்தில் வாங்கிய சங்கரா மீன் மசாலா தடவித் தயாராக இருக்கிறது. கரி அடுப்பில் தணல் கனன்று கொண்டிருக்கிறது. ஆனால் அடுப்பின் மேல் வைக்கும் கம்பி வலை நடுவில் அறுந்து கிடக்கிறது. மீனை வைத்தால் நெருப்பில் விழும்.

வீட்டுக்காரர் கடைக்கு ஓடுகிறார். கடையில் இரண்டு வலைகள் தொங்குகின்றன. ஒன்று கறுப்பு. மற்றொன்று கண்ணாடி போல் மின்னுகிறது.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே! பளபளன்னு இருக்கு. விலையும் கம்மி" என்கிறார் கடைக்காரர்.

வாங்கி வந்தாயிற்று. வீட்டில் மனைவி கேட்கிறாள்: "இது எதுல செஞ்சதுன்னு கேட்டீங்களா?"

"வலைதானே! இதுல கேக்க என்ன இருக்கு?" என்கிறார் கணவர்.

பல வீடுகளில் நடப்பது இதுதான். சோறு வடிக்கும் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். தோசைக்கல்லைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறார்கள். கம்பி வலையை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்குகிறார்கள். ஆனால் மீனும் கத்தரிக்காயும் நேராகப் படுவது அந்த வலையின் மேல்தான். அதுவும் ஒரு சமையல் பாத்திரம். பாத்திரத்துக்குக் காட்டும் கவனத்தை அதற்கும் காட்ட வேண்டும்.

பளபளப்பில் இருக்கும் ஆபத்து

மின்னும் வலை எல்லாம் எவர்சில்வர் அல்ல. சாதாரண இரும்புக் கம்பியின் மேல் துத்தநாகம் பூசினாலும் அது மின்னும். கிணற்று வாளிக்கும் வேலிக் கம்பிக்கும் பூசுவது அதுதான். கடையில் ஜி.ஐ. கம்பி என்பார்கள். வேலிக்கு அது மிகவும் நல்லது. மழையில் துருப்பிடிக்காது. அடுப்புக்கு அது ஆகாது.

காரணம் எளிது. துத்தநாகம் சுமார் 420 டிகிரி சூட்டில் உருகிவிடும். நன்றாகக் கனன்ற கரித்தணலின் சூடோ 700 டிகிரியைத் தாண்டும். விசிறினால் இன்னும் ஏறும். தணலுக்கு நெருங்கிய கம்பியில் பூச்சு உருகும். மேலும் சூடேறினால் புகையாகக் கிளம்பும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். உடம்பு வலிக்கும். வாயில் உலோகச் சுவை தட்டும். வெல்டிங் பட்டறைகளில் வேலை செய்வோருக்கு இந்தக் காய்ச்சல் பழக்கமானது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆனாலும் ஒரு துண்டு மீனுக்காகக் குழந்தைகளுக்கு அந்தத் துன்பம் எதற்கு?

இன்னொன்றும் உண்டு. புளிப்புப் பட்டால் துத்தநாகம் கரையும். மீனில் எலுமிச்சம்பழமும் புளியும் தயிரும் தடவித்தான் சுடுகிறார்கள். கரைந்த துத்தநாகம் அதிகமாக வயிற்றுக்குள் போனால் குமட்டலும் வாந்தியும் வரும்.

கடைக்கே போகாமல் வீட்டில் கிடைப்பதை எடுத்து வைப்பவர்களும் உண்டு. பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித் தட்டை எடுத்து அடுப்பில் வைக்கிறார்கள். அந்தக் காலத்துத் தட்டுகள் சிலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் பூசப்பட்டிருந்தது. பிற்காலத்தில் வந்தவற்றில் பல, பிளாஸ்டிக் பூசியவை. இரண்டும் நெருப்பின் மேல் வைக்கத் தக்கவை அல்ல. பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் கம்பியும் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக் கூடும்.

எது நல்லது?

நல்லவை மூன்று. பூச்சு இல்லாத வெறும் இரும்புக் கம்பி, வார்ப்பிரும்பு, அசல் எவர்சில்வர்.

எவர்சில்வருக்கு ஒரு கதை உண்டு. 1913-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமல் இருக்க ஒரு உலோகம் தேடினார். இரும்புடன் குரோமியம் கலந்து பார்த்தார். அது துருப்பிடிக்கவில்லை. துப்பாக்கிக்காகத் தேடியது சாப்பாட்டு மேஜைக்குக் கத்தியாக வந்தது. பிறகு அடுக்களைக்கும் வந்தது.

ஆனால் எவர்சில்வரிலும் ரகம் உண்டு. 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்தது நல்ல ரகம். இதைக் கடையில் 304 என்பார்கள். 202 என்ற ரகத்தில் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. உப்புக் காற்றில் அது சீக்கிரம் புள்ளி விழும்.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. காந்தம் இறுகப் பிடித்தால் அது பூச்சுப் போட்ட இரும்பாக இருக்கலாம்; நிக்கல் இல்லாத மலிவு ரகமாகவும் இருக்கலாம். ஆனால் காந்தம் பிடிக்காவிட்டால் அசல் என்று அர்த்தமல்ல. 202-ம் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே ரகத்தைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குவதே சரி. எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதும் சரி.

தராசு பொய் சொல்லாது

எந்த உலோகமானாலும் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பி தணலில் வளையும். வளைந்த இடத்தில் பூச்சு உரியும், துரு ஏறும், அறுந்துவிடும்.

தடிமனைக் கண்ணால் அளப்பது கடினம். தராசில் போட்டால் தெரிந்துவிடும். 6 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி ஒரு மீட்டருக்கு 222 கிராம் எடை. 3 மில்லிமீட்டர் கம்பி சுமார் 55 கிராம்தான். தடிமன் பாதியானால் எடை கால் பங்காகிவிடுகிறது.

ஒரு அடிக்கு ஒரு அடி சதுர வலையை எடுத்துக்கொள்ளலாம். விரற்கடைக்கும் குறைந்த இடைவெளியில் 6 மில்லிமீட்டர் கம்பி வைத்துச் செய்தால் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். 3 மில்லிமீட்டர் கம்பியில் செய்தால் அரைக் கிலோகூட வராது. விலை குறைவு என்று பார்ப்பவர்கள், கிலோவுக்கு என்ன விலை ஆகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு மலிவு வலை வாங்குகிறவர்கள் கடைசியில் அதிகம் செலவழிக்கிறார்கள்.

கடலூருக்கு ஒன்று, சிதம்பரத்துக்கு ஒன்று

சமைப்பது எதுவோ அதற்கேற்ற வலை வேண்டும்.

கடலூரில் மீன் சுடுகிறார்கள். மத்தியும் கவலையும் சிறிய மீன்கள். வெந்ததும் சதை உதிரும். அதற்குக் கம்பிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டு கம்பிக்கு நடுவே சுண்டுவிரல் நுழையக் கூடாது. இரண்டு வலைகளைக் கீல் வைத்துப் பிணைத்து, கைப்பிடி போட்ட இரட்டை வலை இன்னும் நல்லது. மீனை நடுவில் வைத்து மூடி, வலையோடு திருப்பிவிடலாம். மீன் உடையாது, கையும் சுடாது.

சிதம்பரத்துக்குச் சம்பா சாதமும் கொத்சும் பேர் போனவை. கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, மசித்துச் செய்வது கொத்சின் பழைய முறை. எரிவாயு வந்த பிறகும், சுட்ட மணத்துக்காகக் கரி அடுப்பை எடுத்து வைக்கும் வீடுகள் உண்டு. கத்தரிக்காய்க்கு வலை நெருக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு அங்குல இடைவெளி விட்டாலும் காய் விழாது. தணல் நன்றாகப் படும். தோல் சீராகக் கருகும். ஆனால் காயின் கனத்தைத் தாங்கக் கம்பி உறுதியாக இருக்க வேண்டும்.

காற்றையும் கவனிக்க வேண்டும். கடலூரில் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. வெறும் இரும்பு அங்கே ஒரே இரவில் செம்புள்ளி காட்டும். அங்கே நல்ல எவர்சில்வர் வாங்கக் கூடியவர்கள் அதையே வாங்கலாம். முடியாதவர்கள் தடித்த இரும்பு வலை வாங்கி, எண்ணெய் தடவிக் காப்பாற்றலாம். சிதம்பரம் கடலை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. அங்கே இரும்பு வலையே போதும்.

அளவெடுக்கும்போது

பழைய வலையைக் கொண்டுபோய் அதே அளவு கேட்பது வழக்கம். பழையது வளைந்திருந்தால் அளவு தவறும். அடுப்பின் வாயையே அளக்க வேண்டும். வட்ட அடுப்பானால் குறுக்கே இரண்டு திசையிலும் அளக்க வேண்டும்.

அடுப்புக்குள்ளே இறங்கி உட்காரும் வலையானால், சுற்றிலும் கால் அங்குலம் இடம் விட வேண்டும். சூட்டில் இரும்பு நீளும். ஒரு அடிக் கம்பி 500 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீண்டுவிடும். எவர்சில்வர் அதைவிடச் சற்று அதிகம் நீளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பட்டையைக் காய்ச்சி விரியச் செய்துதான் மாட்டுவார்கள், ஆறியதும் இறுகும். இடம் விடாமல் செய்த வலை சூட்டில் விரிய வழியில்லாமல் நடுவில் கூன் விழும்.

உள்ளூர் இரும்புப் பட்டறையில் சொல்லிச் செய்வது பல வகையில் நல்லது. அளவு சரியாக இருக்கும். எந்தக் கம்பி என்பது கண்ணெதிரே தெரியும். பின்னால் ஒரு கம்பி விட்டுப்போனால் அதே பட்டறையில் பற்றவைத்துக் கொள்ளலாம். "பூச்சு இல்லாத கம்பி வேண்டும், பெயிண்டும் அடிக்கக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பழக்குவதும் பாதுகாப்பதும்

புது தோசைக்கல்லை எப்படிப் பழக்குகிறார்களோ, அப்படியே இரும்பு வலையையும் பழக்க வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, மெல்லியதாக எண்ணெய் தடவி, புகை வரும் வரை காய்ச்ச வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் கம்பியில் கறுப்புப் படிவம் ஏறும். அதன் பிறகு மீன் அதிகம் ஒட்டாது. துருவும் எளிதில் வராது.

சுட்டு முடித்ததும், சூடு இருக்கும்போதே பாதி வெங்காயத்தை முள் கரண்டியில் குத்தித் தேய்த்தால் ஒட்டியது கழன்றுவிடும். ஆறிய பிறகு தேங்காய் நார் போதும். கம்பித் தூரிகை வேண்டாம். அதன் முள் உதிர்ந்து வலையில் ஒட்டிக்கொள்ளும். உணவோடு வயிற்றுக்குள் போகும். அமெரிக்காவில் இப்படிக் கம்பி முள்ளை விழுங்கித் தொண்டையிலும் குடலிலும் காயம்பட்டவர்களைப் பற்றி, அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2012-ம் ஆண்டில் எச்சரிக்கை வெளியிட்டது.

கரி அடுப்பை மூடிய அறையில் வைக்கவே கூடாது. வலை எவ்வளவு நல்லதானாலும் கரியின் நச்சுக்காற்று உயிரைப் பறிக்கும். முற்றமும் திறந்த வெளியுமே அதற்கு இடம்.

கேட்க வேண்டிய கேள்வி

குடும்பத்தில் சமைப்பவர் ஒருவர். கடைக்குப் போகிறவர் வேறொருவர். இதனால்தான் தவறு நேர்கிறது. வாங்கப் போகிறவர் முதலில் சமைப்பவரைக் கேட்க வேண்டும்: மீனுக்கா, காய்க்கா? என்ன அளவு? பிறகு கடைக்காரரைக் கேட்க வேண்டும்: எந்த உலோகம்? பூச்சு உண்டா? எடை என்ன?

கடைக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. வேலிக்கான வலையையும் அடுப்புக்கான வலையையும் ஒரே ஆணியில் தொங்கவிடக் கூடாது. எது எதற்கு என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால் போதும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் தெரிந்துகொள்வார்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பார்கள். மின்னும் கம்பியெல்லாம் எவர்சில்வரும் அல்ல. "இது எதுல செஞ்சதுன்னு கேட்டீங்களா?" என்று அந்த மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதை வீட்டுக்கு வந்த பிறகு கேட்பதை விட, கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது.