கப்பல் காத்திருக்காது, ஆசிரியர்களே!

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், நம் புலனக் குழுக்களில் கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் குவியத் தொடங்கிவிடும். பினாங்கிலிருந்து விமானம், சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல், மூன்று வேளை உணவு, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் என்று வண்ணப் படங்களோடு வரும். படத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "விமான நேர மாற்றங்களுக்கு ஏற்பாட்டாளர் பொறுப்பல்லர்."

இந்தப் பதிவு அந்த ஒரு வரியை எதிர்த்து எழுதப்படுகிறது. கடாரத்து மண்ணில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் தங்கள் சேமிப்பை இழப்பதற்கு அந்த வரி காரணமாக இருக்கிறது. அதைப் படித்தும் படிக்காதவர்போல் முன்பணம் கட்டும் நம் பழக்கமும் காரணமாக இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "தோட்டத்து மக்களுக்குக் கப்பல் சவாரி எதற்கு?" என்று உதட்டைப் பிதுக்குவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முப்பது ஆண்டுகள் விடியற்காலையில் பால்மரம் சீவிய ஒரு தாய், தம் பிள்ளைகள் தலையெடுத்த பிறகு நான்கு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டால் அதில் என்ன குற்றம்? அந்தத் தாயின் பணம் பறிபோவதுதான் குற்றம்.

நான் நன்கறிந்த ஒரு குடும்பத்தின் கதை இது. பாடாங் செராய்ப் பக்கத்துக்காரர்கள். அம்மாவின் அறுபதாம் பிறந்த நாளுக்காகப் பிள்ளைகள் மூவரும் ஓராண்டு பணம் சேர்த்தார்கள். ஏற்பாட்டாளர் ஒருவர் வழியாக ஆறு பேருக்குப் பதிவு செய்தார்கள். பினாங்கிலிருந்து காலை எட்டரை மணி விமானம். அன்று மாலையே சிங்கப்பூரில் கப்பல். விமான நிறுவனம் காலைச் சேவையை நீக்கிவிட்டு அவர்களைப் பிற்பகல் ஒன்றே முக்கால் மணி விமானத்துக்கு மாற்றியது. மாற்றத்தைத் தெரிவித்த மின்னஞ்சல் பயணத்திற்கு மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. யாருக்கு வந்தது? ஏற்பாட்டாளருக்கு. பதிவில் அவர் தம்முடைய மின்னஞ்சலையும் தம்முடைய கைப்பேசி எண்ணையும் கொடுத்திருந்தார். குடும்பத்துக்கு அவர் சொன்னது பயணத்திற்கு முந்தின இரவு. அதுவும், "கப்பல் மாலையில்தானே, கவலை வேண்டாம்" என்ற ஆறுதலோடு.

சாங்கியில் இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வாடகை வண்டியில் முனையத்தை அடைந்தபோது பதிவு முகப்பு மூடப்பட்டிருந்தது. கப்பல் கண்ணெதிரே நின்றது. புறப்படும் நேரம் வேறு, ஏறுவதற்கான கடைசி நேரம் வேறு என்பதை அங்கேதான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள். பயணிகள் பட்டியலை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் கப்பல் நிறுவனங்கள் புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ முன்னதாகவே வாயிலை அடைத்துவிடுகின்றன.

பணம் என்னவாயிற்று? விமான நிறுவனம், "உங்களைச் சிங்கப்பூரில் இறக்கிவிட்டோமே" என்றது. கப்பல் நிறுவனம், "நீங்கள்தான் வரவில்லை" என்றது. வராத பயணிக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்பது அவர்களின் விதி. ஏற்பாட்டாளர் அந்த எறும்பு எழுத்து வரியைச் சுட்டினார். மூவரும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டார்கள். அந்த அம்மா மட்டும் இரவுப் பேருந்தில் திரும்பி வந்தார்.

"விதி, என்ன செய்வது" என்று உறவினர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பொறுக்கவில்லை. இதில் விதி எங்கே வந்தது? மூன்று வாரம் ஒரு மின்னஞ்சல் ஒருவருடைய பெட்டியில் கிடந்தது. அந்த மூன்று வாரத்தில் வேறு விமானத்திற்கு மாறியிருக்கலாம். முந்தின நாளே போயிருக்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம். அத்தனை வழிகளும் திறந்திருந்தன. அவை திறந்திருக்கின்றன என்பதுகூட உரியவர்களுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக மூடின.

விமான நேரம் மாறுவது அரிதாக நடப்பதன்று. விமான நிறுவனங்கள் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே சீட்டு விற்கத் தொடங்குகின்றன. அப்போது அவர்கள் கையில் இருப்பது ஒரு உத்தேச அட்டவணையே. உலக அளவில் விமான அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறுமாக ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. இவை தவிர, இருக்கைகள் நிரம்பாத காலைச் சேவையை மாலைச் சேவையோடு இணைப்பார்கள்; விமானம் பழுது பார்க்கப் போகும்; பொறியாளர் பற்றாக்குறை வரும். 2024 ஆகஸ்டில் மலேசியா ஏர்லைன்ஸ் தொழில்நுட்பக் கோளாறுகளுக்குப் பிறகு, அவ்வாண்டு டிசம்பர் வரை தன் சேவைகளைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். சில வேளைகளில் நேரம் மட்டுமன்றி நிலையமே மாறும். 2025 ஏப்ரலில் ஃபயர்ஃபிளை தன் ஜெட் சேவைகளைச் சுபாங்கிலிருந்து சிப்பாங்குக்குக் கொண்டுசென்றது.

கப்பலும் மாறாத ஒன்றன்று. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட டிஸ்னி அட்வென்ச்சர் கப்பலின் முதல் பயணம் 2025 டிசம்பர் 15 என்று விற்கப்பட்டு, பின்னர் 2026 மார்ச் 10-க்குத் தள்ளி வைக்கப்பட்டது. பயணச் சீட்டை ஒரு கடையிலும் விமானச் சீட்டை இன்னொரு கடையிலும் வாங்கினால், ஒன்று நகரும்போது மற்றொன்று நகராது. இவ்வளவும் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கப்பல் புறப்படும் அதே நாள் காலையில் விமானம் போட்டு விற்பவரை நான் எப்படிப் 'பொறுப்பல்லர்' என்று ஏற்றுக்கொள்வது? ஒரு நாள் விடுதிக் கட்டணத்தைக் கழித்துவிட்டால் விளம்பர விலை குறைவாகத் தெரியும். விலை குறைந்ததால் வரும் ஆதாயம் அவருக்கு. நேரம் மாறினால் வரும் இழப்பு நமக்கு. இது வணிகமா, சூதாட்டமா?

கடாரத்துக்காரர்களாகிய நமக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. நமக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூரும் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. கடாரமும் கிளந்தானும் திரங்கானுவும் பழைய முறையிலேயே இருக்கின்றன. சிங்கப்பூர்க் கப்பல்கள் பலவற்றின் வாரக்கடைசிப் பயணம் வெள்ளி புறப்பட்டு ஞாயிறு கரை சேர்வது. ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நாம் சபைகூடலில் நிற்க வேண்டியவர்கள்! ஆகவே பள்ளித் தவணை விடுமுறையைத் தவிர நமக்கு வேறு நாள் வாய்ப்பதில்லை. அந்த விடுமுறைக்கும் வியாழன் பிற்பகல் மணி அடித்த பிறகுதான் பள்ளியை விட்டு வெளிவர முடியும். "வெள்ளிக்கிழமை காலை விமானம்தான் உங்களுக்கு வசதி, டீச்சர்" என்று ஏற்பாட்டாளர் சொல்வதும் நாம் தலையாட்டுவதும் இப்படித்தான் நடக்கின்றன. வெள்ளிக் கப்பலை விட்டுவிட்டு ஞாயிறோ திங்களோ புறப்படும் கப்பலைப் பிடித்தால் என்ன? விடுமுறை ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறதே. திரும்பும் பயணத்திலும் இதே கணக்குத்தான். பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு விமானத்தில் வந்திறங்கும்படி திட்டம் போட்டு, அது மறுநாளுக்குத் தள்ளிப் போனால், வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு எந்த விமான நிறுவனம் இழப்பீடு தரும்?

"சட்டம் இருக்கிறதே, ஐயா" என்று கேட்பீர்கள். இருக்கிறது. மலேசிய வான்போக்குவரத்துப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 முதல் நடப்பில் உள்ளது. இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் சேர்க்கப்பட்டது. எந்த வழியில் கட்டினீர்களோ அந்த வழியிலேயே, 30 நாள்களுக்குள். சேவை இரத்தானால் பணமா, மாற்று விமானமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. இவற்றைக் கவனித்துவந்த மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்ட் 1 அன்று மலேசிய வான்போக்குவரத்து அதிகார மன்றத்தோடு இணைக்கப்பட்டுவிட்டதால், முறையீடுகள் இப்போது அங்கே போக வேண்டும். முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, அதன் பிறகு செல்ல வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் அது காப்பது விமானச் சீட்டின் விலையை மட்டுமே. சீட்டுக்கு இருநூறு ரிங்கிட் கட்டினீர்களா, அந்த இருநூறு வரும். தவறவிட்ட கப்பலுக்குக் கட்டிய ஆயிரங்களைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. மூன்று மணி நேர மாற்றம், கோலாலம்பூரில் திருமணத்துக்குப் போகிறவருக்கு ஒரு முணுமுணுப்பு. கப்பலேறப் போகிறவருக்கு அதுவே பயணத்தின் முடிவு. சட்டம் கடிகாரத்தைப் பார்க்கிறது. பயணியின் நோக்கத்தைப் பார்ப்பதில்லை. வாரங்களுக்கு முன்பே அறிவிக்கப்படும் நேர மாற்றத்திற்கு எத்தனை மணிக்கு மேல் போனால் மாற்றோ பணமோ கிடைக்கும் என்பதை அந்தந்த நிறுவனத்தின் பயண விதிகளில்தான் பார்க்க வேண்டும். பயணக் காப்புறுதியும் பெரும்பாலும் எதிர்பாராத் தாமதத்துக்கே பணம் தரும். முன்கூட்டித் தெரிவிக்கப்பட்ட மாற்றத்தை 'எதிர்பாராதது' என்று ஏற்காது. "காப்புறுதி எடுத்திருக்கிறோம்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இன்னொன்று. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் ஒரு சீட்டு, அங்கிருந்து சிங்கப்பூர் வேறொரு சீட்டு என்று மலிவாகக் கிடைத்ததைத் தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டாலும் இரண்டாமவருக்குப் பொறுப்பில்லை. ஒரே பதிவில் இரண்டும் இருந்தால்தான் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை அவர்களுக்கு வரும்.

என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்குமாக ஓடிய காலத்தில், ஊருக்குப் போகும் தோட்டத்துக் குடும்பங்கள் டிரங்குப் பெட்டியோடு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பினாங்குக்குப் போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொள்வார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கப்பல் தங்களுக்காக நிற்காது என்று தெரிந்தவர்கள். பட்டம் பெற்ற நாம் காலையில் பறந்து மாலையில் கப்பலேறத் திட்டம் போடுகிறோம். மலிவு விமானம் வந்ததால் கடலின் ஒழுங்கு மாறிவிட்டதா என்ன?

ஒரு நாள் முன்னதாகப் போனால் விடுதிச் செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். அந்தத் தொகையையும் கப்பலுக்குக் கட்டிய மொத்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விமானமே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்படும் பயணமானால், சுங்கைப் பட்டாணியிலிருந்து ஈ.டி.எஸ். இரயில் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கோலாலம்பூர் சென்ட்ரலில் விட்டுவிடும். (அங்கிருந்து கொமுட்டரில் பெலாபுஹான் கிள்ளான் நிலையத்தில் போய் இறங்கிவிடாதீர்கள், கப்பல் முனையம் புலாவ் இண்டாவில் இருக்கிறது, வண்டிதான் பிடிக்க வேண்டும்.) சிங்கப்பூர்க் கப்பல்கள் சில மறுநாளோ அதற்கடுத்த நாளோ நம் பினாங்கு சுவெட்டன்ஹாம் துறைக்கே வந்து நிற்பதும் உண்டு. சிங்கப்பூரில் தவறவிட்டவர் பினாங்கில் ஏறிக்கொள்ளலாமே என்று தோன்றும். கப்பல் நிறுவனத்தின் முன்னனுமதி இல்லாமல் அங்கே ஏற விடமாட்டார்கள். வீட்டு வாசலுக்கு வந்த கப்பலைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் குழுவாகப் பதிவு செய்யும்போது மட்டுமாவது இனி இப்படி நடக்கக் கூடாது. ஏற்பாட்டாளர் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்தின் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் விமானப் பதிவில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். பதிவு எண்ணை அன்றே கேட்டு வாங்கி, வாரம் ஒருமுறை நீங்களே நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். மாற்றம் வந்தால் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அவசரமாக அழுத்தாதீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு பணத்தையோ வேறு விமானத்தையோ கேட்பது கடினம். மூன்று நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிப்பது ஏற்பாட்டாளரின் கடமை என்றும், தெரிவிக்கத் தவறினால் கப்பல் கட்டணத்துக்கு அவரே பொறுப்பு என்றும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே உரிமை கோரலாம்; ஆனால் அங்கே வாய்ப்பேச்சு செல்லாது, தாள் வேண்டும்.

அப்படி எழுதித் தர மறுப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். "எல்லாரும் கட்டிவிட்டார்கள், டீச்சர், நீங்கள்தான் பாக்கி" என்பார். இருக்கட்டும், பாக்கியாகவே இருங்கள்.